முடிக்குக் கலர் அடிக்கிற ரீல்ஸ் மட்டும் ஏன் இப்படி ஓடுகிறது?

பழைய வண்ணாரப்பேட்டையில், ஜி.ஏ. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் என் பெரியம்மா மகள் பார்லர் நடத்துகிறாள். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை அலச ஒரு சாய்வு பேசின், வாசலில் பூப்போட்ட ஸ்கிரீன், அவ்வளவுதான் கடை. அக்காவுக்கு பிரஷ் பிடிக்க வரும், போன் பிடிக்க வராது. எனக்கு நேர் எதிர். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் போய் ஓரமாக நின்று வீடியோ எடுத்து, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, கடைப் பெயரில் இருக்கிற இன்ஸ்டா பக்கத்தில் போடுவேன். சம்பளம் மாதம் ஒரு ஃபேஷியல்.

போன வருஷம் முதன்முதலாக ஒரு ஹேர் கலர் வீடியோ போட்டோம். காலை பத்தரைக்கு உட்கார்ந்த பெண் சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்தாள். இடுப்பு வரை முடி, கீழ்ப்பாதி முழுக்கத் தேன் நிறம். அக்கா மதியம் சாப்பிடவே இல்லை. பிரஷ் போகிற அழகு, முடிக்கற்றையை அலுமினிய ஃபாயிலில் மடிக்கிற அழகு என்று அத்தனையையும் எடுத்து, பின்னால் ஒரு பாட்டைப் போட்டு ஏற்றினேன். இரண்டு நாளில் இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள், அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள். அதே வாரம் பெரம்பூர் பக்கம் ஒரு சலூனில் ஒரு பையன் தலைக்கு வெள்ளி நிறம் அடித்த பன்னிரண்டு நொடி வீடியோ லட்சத்தைத் தாண்டிவிட்டது. “இன்னாடி இது, அஞ்சு மணி நேரம் நின்னது நானு, ஓடுறது அவனுதா?” என்று அக்கா கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்து, நூற்றுக்கணக்கில் வீடியோ பார்த்து, சிலதைப் போட்டு அடிபட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பார்லர் வைத்திருப்பவர்களுக்கு உதவும். மற்றவர்களுக்கு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்பின் தெரியாத ஒருத்தியின் முடி காய்வதை நாம் ஏன் இப்படி வாய் பிளந்து பார்க்கிறோம் என்பதாவது புரியும்.

முதலில் அடிப்படை. இந்த மாதிரி வீடியோக்களுக்கு டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று பெயர், பார்லர் பேச்சில் பிஃபோர் ஆஃப்டர். முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது, இரண்டையும் சேர்த்துக் காட்டுவது. ஒன்றும் புதிதல்ல. பழைய பத்திரிகைகளில் ஒரு பக்கம் வழுக்கை, ஒரு பக்கம் அடர்ந்த முடி என்று வந்த தைல விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சினிமாவில் ஒரே பாட்டில் ஹீரோ பணக்காரர் ஆகிறாரே, அதுவும் இதே வித்தைதான். பால் கேனோடு தொடங்குகிறார், கோட்டு சூட்டோடு முடிக்கிறார், நடுவில் பத்து வருஷம் நாலரை நிமிஷமாகச் சுருங்கிவிடுகிறது. யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆரம்பமும் முடிவும் கண்ணெதிரே இருக்கிறதே, அது போதும்.

ஆனால் எல்லா மாற்றமும் ஓடிவிடாது. தண்டையார்பேட்டை டெப்போவுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன் என்று நிற்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. சத்தம் வைத்திருக்க மாட்டார். உங்கள் வீடியோ அவர் கண்ணில் நிற்கப்போவது ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒரு நொடியில் இங்கே என்னவோ மாறப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சமையல் வீடியோவில் என்ன செய்கிறார்கள் என்று தெரிய பேச்சைக் கேட்க வேண்டும் அல்லது எழுத்தைப் படிக்க வேண்டும். கருகரு என்ற முடியில் நீல நிறப் பசையைத் தடவினால் எந்த விளக்கமும் தேவையில்லை. மொழியே வேண்டாம். அதனால்தான் பிரேசில்காரி போட்டதை வியாசர்பாடிக்காரர் பார்க்கிறார், வியாசர்பாடிக்காரர் போட்டதை யாரோ இந்தோனேசியாவில் பார்த்து ஒரு நெருப்பு எமோஜி வைத்துவிட்டுப் போகிறார்.

அக்கா கடையில் நடக்கிற மற்ற வேலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். புருவம் திருத்துவதுதான் எங்கள் கடையில் அதிகம் நடக்கிற வேலை, வீடியோவில் அது யாருக்கும் தெரியாது, அவ்வளவு சின்ன மாற்றம். முடியை நேராக்கிப் பளபளப்பாக்குகிற ஸ்மூத்தனிங், கெரட்டின் எல்லாம் ஓரளவு எடுபடும், ஆனாலும் ‘தலை சீவி அயர்ன் பண்ணா யாருக்குமே இப்படித்தான் இருக்கும்’ என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டால் முடிந்தது கதை. கல்யாண மேக்கப்பில் மாற்றம் பெரியதுதான், அதில் முகம் இருக்கிறது, முகம் வந்துவிட்டால் கூடவே ஃபில்டர் சந்தேகமும் வந்துவிடும். நரைக்கு டை அடிப்பதை எடுத்தால் பார்ப்பவர்கள் வருவார்கள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் விடமாட்டார்.

இந்த இடத்தில் ஒன்று கவனியுங்கள். நாம் ‘டை அடிப்பது’ என்றும் சொல்கிறோம், ‘கலர் பண்ணுவது’ என்றும் சொல்கிறோம். கப்பில் கலக்குகிற பொருளில் பாதிக்கு மேல் ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு காரியம். டை மறைப்பதற்கு, கலர் காட்டுவதற்கு. 1907-ல் பாரீசில் யூஜின் ஷ்யூலெர் என்ற வேதியியலாளர் செயற்கை முடிச்சாயம் தயாரித்து முடிதிருத்துபவர்களுக்கு விற்க ஆரம்பித்தார் (1909-ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் பிற்பாடு லோரியல் ஆனது). அப்போதெல்லாம், அதற்கப்புறமும் ரொம்ப காலம், நல்ல சாயம் என்றால் அடித்ததே யாருக்கும் தெரியாத சாயம். இன்றைக்கு ஒருத்தி பச்சை நிறம் அடித்துக்கொண்டு தெருவில் இறங்கினால், நாலு பேர் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அவளுக்குப் பணம் தண்டம். பார்ப்பதற்கென்றே செய்கிற காரியம் பார்க்கிற இடத்தில் ஓடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

எங்கள் ஏரியாவுக்கு இன்னொரு வசதி, இதற்கு முகம் தேவையில்லை. “மூஞ்சி வேணாம்கா, முடிய மட்டும் எடு, எங்க வூட்ல பாத்தா திட்டுவாங்க” என்று சொல்லாத பெண் குறைவு. சரி என்று பின்பக்கமாகவே எடுத்தோம், நாற்காலியைச் சுற்றிவிட்டு முடியை ஒரு உதறு உதறச் சொல்லி. அதனால் குறை ஒன்றும் வரவில்லை, லாபம்தான் வந்தது. முகம் தெரிந்தால் அவள் அழகா இல்லையா என்று பார்ப்பார்கள். முதுகும் முடியும் மட்டும் தெரிந்தால் அங்கே தன் முகத்தை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ‘எனக்கு நல்லா இருக்குமா?’ என்று கமெண்டில் கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் எப்போதும் பின்பக்க வீடியோக்களில்தான் கேட்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாற்றம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் வீடியோ போகும் என்று ஒரு முரட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தத் தூரத்தை அளக்கப் பார்லர்களில் அளவுகோலே இருக்கிறது, லெவல் 1 முதல் 10 வரை. 1 என்றால் கருப்பு, 10 என்றால் ஐரோப்பியக் குழந்தைகளுக்கு இருக்கிற மாதிரி வெளிர்ந்த பொன்நிறம். நம் ஆட்களின் முடி பெரும்பாலும் 1, 2-லேயே நிற்கும். ஏற்கெனவே 7-ல் இருக்கிற முடியை 9-க்குக் கொண்டுபோனால் பஸ்ஸில் நிற்கிற நம் ஆளுக்கு வித்தியாசமே தெரியாது. 1-லிருந்து 9-க்குப் போனால் நடத்துனரே எட்டிப் பார்ப்பார். கருப்பு முடி நமக்குக் கிடைத்த லாட்டரி என்றுதான் நான் அக்காவிடம் சொல்வேன், அவள் அதற்கு, “லாட்டரி உனக்கு, கை வலி எனக்கு” என்பாள்.

கை வலிக்குக் காரணம், கருப்பின் மேல் எந்தக் கலரும் நேராக ஏறாது. எங்கள் பேட்டையின் பெயரிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. கம்பெனி காலத்தில் ஏற்றுமதிக்குப் போகிற துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. தறியிலிருந்து இறங்கிய காடாத் துணி பழுப்பாக இருக்கும், அதை வெளுத்தால்தான் மேலே போடுகிற சாயம் பளிச்சென்று நிற்கும். முடியும் துணி மாதிரிதான், முதலில் வெளுக்க வேண்டும், அப்புறம்தான் சாயம். வெளுக்கிற வேலையை பிளீச் செய்கிறது. பிளீச் பவுடரும், ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த டெவலப்பர் என்ற கிரீமும் சேர்ந்தால் முடியின் வெளிச்செதில் திறந்துகொள்ளும், உள்ளே இருக்கிற மெலனின் என்ற நிறமி உடைய ஆரம்பிக்கும். டெவலப்பர் டப்பாவில் 20 வால்யூம், 30 வால்யூம் என்று போட்டிருப்பார்களே, அது பெராக்சைடின் வீரியம்: 20 என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. அக்கா 40-ஐத் தொடமாட்டாள். அவசரப்படுகிறவர்கள் தொடுவார்கள், முடி ரப்பர் மாதிரி இழுபடும்.

மெலனினில் இரண்டு ரகம் உண்டு. கருப்பு, பழுப்பு தருவது யூமெலனின். சிவப்பு, மஞ்சள் தருவது ஃபியோமெலனின். முதல் ரகம் சீக்கிரம் உடையும், இரண்டாவது பிடிவாதமாக நிற்கும். அதனால் கருப்பு முடி வெளுக்கும்போது நேராக வெள்ளைக்குப் போகாது, வழியில் செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் நின்றுதான் போகும். கடைசி ஸ்டாப்பிங்கை வாழைப்பழத் தோலின் உள்பக்கம் என்பார்கள், அந்த அளவு வெளிர் மஞ்சள். அங்கிருந்து வெள்ளி நிறம் கொண்டுவர டோனர் போடுவார்கள், அது ஊதா நிறமாக இருக்கும். மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா, ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். ஆரஞ்சுக்கு நீலம். நம் அம்மாக்கள் மஞ்சளடித்த வெள்ளைச் சட்டையைச் சொட்டு நீலத்தில் முக்கி எடுப்பதும் இதே கணக்குதான், பெயர்தான் டோனர் என்று ஸ்டைலாக வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்த வேதியியல் எல்லாம் எதற்கு? அந்த ஆரஞ்சு ஸ்டாப்பிங்கைச் சொல்லத்தான்.

எங்கள் முதல் வீடியோவில் நான் ஆரஞ்சை வெட்டி எறிந்திருந்தேன். அசிங்கமாக இருந்தது. நடுத்தலையில் காவி, காதோரம் செங்கல், நுனியில் பித்தளை, பார்த்தால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பயம். அழகான காட்சிகளாகக் கோத்து அழகான முடிவில் நிறுத்தினேன். ஓடிய வீடியோக்களைப் பார்க்கப் பார்க்கத்தான் என் தவறு தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆரஞ்சில்தான் ஆரம்பிக்கின்றன. ‘ஐயோ, என்ன இப்படிப் பண்ணிட்டாங்க’ என்று நீங்கள் நினைக்கிற அதே நொடியில் உங்களைப் பிடித்துவிடுகிறார்கள். ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-ல் ஆர்வம் பற்றி எழுதியதில் ஒரு எளிய விஷயம் சொன்னார்: தெரிந்ததுக்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருப்பதை மனசு கண்டுகொண்டால், அதை அடைக்கிற வரை அரித்துக்கொண்டே இருக்கும். மெகா சீரியலில் கதவு திறக்கிறது, வந்தவர் யார் என்று காட்டாமல் ‘தொடரும்’ போடுகிறார்களே, அந்த அரிப்புதான். கருப்பிலிருந்து வெள்ளி என்று நேராகக் காட்டினால் ஆச்சரியம் மட்டும் வரும். நடுவில் ஆரஞ்சு வந்தால் கவலை வரும். கவலைப்பட்டவர் முடிவு தெரியாமல் போகமாட்டார்.

இன்ஸ்டாவுக்கும் யூடியூப் ஷார்ட்ஸுக்கும் தேவை அதேதான், நீங்கள் போகக்கூடாது. எத்தனை நொடி பார்த்தீர்கள், பாதியில் தள்ளினீர்களா, திரும்பப் பார்த்தீர்களா என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். வீடியோவை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்த்து, அவர்கள் நின்றால் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்களும் நின்றால் இன்னும் பெரிய கூட்டத்துக்கு. எதையெல்லாம் முக்கியமாகப் பார்க்கிறோம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் மூன்று சொன்னார்: பார்க்கிற நேரம், லைக், இன்னொருவருக்கு அனுப்புவது. நம்மைப் பின்தொடராத புது ஆட்களிடம் போய்ச் சேர, லைக்கைவிட அனுப்புவதுதான் அதிகம் உதவும் என்றும் சொன்னார். ஹேர் கலர் வீடியோ இந்த மூன்றிலும் பாஸ் ஆகிவிடும். முடிவு தெரிய வேண்டி நிற்கிறார்கள். முடிவு வந்ததும், ‘ஆமா, முதல்ல எப்படி இருந்துச்சு?’ என்று மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறார்கள், அது இரண்டாவது தடவை பார்த்த கணக்கில் சேரும். அப்புறம் தங்கைக்கு அனுப்புகிறார்கள், ‘இது உனக்கு செட் ஆகும்டி’ என்று. இன்னொன்று, சேவ். பார்லருக்குப் போகிற நாளில் ‘இந்த மாதிரி வேணும்’ என்று காட்ட போட்டோ வேண்டுமே, அதற்காகவே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை நான் ஆரஞ்சை வைத்தேன். ஒரு காலேஜ் பெண், தோள் வரை முடி. அக்கா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு ஃபாயிலை மட்டும் பிரித்து, சீப்பின் வால் நுனியால் பிளீச்சை வழித்து, அடியில் நிறம் எங்கே வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி மூடுவாள். அந்த ஒரு ஃபாயிலை மட்டும் நாலு தடவை எடுத்தேன். முதல் தடவை செம்மண், அடுத்தது பூசணிக்காய் உள்பக்கம், அடுத்தது மஞ்சள் கிழங்கு, கடைசியாக வாழைப்பழத் தோல். தலா ஒன்றரை நொடி. அலசுகிறபோது தண்ணீர் ஊதாவாக ஓடுவது ஒரு காட்சி. அப்புறம் அவள் நாற்காலியில் திரும்புகிற இடத்தில் முடி முழுசாகத் தெரிவதற்கு அரை நொடி முன்னால் வெட்டிவிட்டு, ஆரம்பத்துக் கருப்பு முடியை ஒரு கணம் காட்டி, அப்புறம்தான் சாம்பல் பழுப்பு. மொத்தம் பதினாறு நொடி. பாட்டுகூட வைக்கவில்லை, ஃபாயில் சரசரப்பும் அக்காவின் “தல குனிமா” என்ற குரலும்தான். ஒரே வாரத்தில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. லட்சம் இல்லைதான், ஆனால் மாதவரத்திலிருந்து ஒருத்தர் போன் போட்டு விலை கேட்டார், அக்காவுக்கு அதுவே லட்சம்.

கமெண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே நடப்பது பஞ்சாயத்து. முதல் ஆள் ‘எவ்ளோ ஆகும்’ என்பார். அடுத்தவர் ‘முடி கொட்டாதா’ என்பார். மூன்றாவது ஒரு பெரியவர், ‘ஆண்டவன் கொடுத்த கருப்பு முடியை ஏன்மா இப்படி’ என்பார். அவருக்குக் கீழே ஒரு பெண் வந்து, ‘உங்களுக்கு என்ன அங்கிள், அவங்க முடி அவங்க காசு’ என்பாள். அங்கிள் விடமாட்டார். இரண்டு நாள் ஓடும். முடி என்பது எல்லோரிடமும் இருக்கிற, இல்லாதவருக்கும் கருத்து இருக்கிற விஷயம். பணக்காரர் வீட்டைப் பற்றியோ கார் பற்றியோ பேச நமக்கு ஒரு தயக்கம் இருக்கும், முடி விஷயத்தில் எவருக்கும் எந்தத் தயக்கமும் இல்லை. வந்து திட்டுகிறவரும் அங்கே நின்று பார்த்தவர்தான், அவர் நின்ற நேரமும் கணக்கில் ஏறியிருக்கும். நான் அங்கிளை பிளாக் செய்யவில்லை.

பையன்கள் வீடியோ என்றால் கமெண்டின் வாசனையே மாறிவிடும். கலர் முடி வைத்த வடசென்னைப் பையன் என்றாலே ‘புள்ளிங்கோ’ என்று ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கைத் தடை செய்வதற்கு முன்னால் இந்தப் பையன்கள் அங்கேதான் தலையைச் சிலுப்பிக்கொண்டிருந்தார்கள், ஜூலை 8-ல் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்ததும் ஒவ்வொருவராக இங்கே குடி வந்தார்கள், கிண்டலும் கூடவே வந்தது. நுங்கம்பாக்கத்தில் ஏசி சலூனில் அடித்தால் அதே கலருக்கு ஃபேஷன் என்று பெயர், புளியந்தோப்பில் அடித்தால் ரவுடித்தனம். இதில் எனக்கு ஒரு தரப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கணக்காகப் பார்த்தால், அந்தப் பெரம்பூர்ப் பையன் வீடியோ லட்சம் தாண்டியதில் பாதி வேலை கிண்டல் செய்ய அனுப்பியவர்கள் பார்த்தது. ‘பாருடா இவன’ என்று அனுப்பினாலும் அனுப்பியது அனுப்பியதுதான். அந்தச் சலூன்காரருக்குக் கூட்டம் குறையவில்லை என்று கேள்வி.

இனி ஏமாற்று வேலை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடக்கூடாது. பிஃபோர் எடுக்கும்போது பாருங்கள், எண்ணெய் வைத்த தலை, ரப்பர் பேண்டு தழும்பு, ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே, சில சமயம் முகமும் கொஞ்சம் சோகமாக. ஆஃப்டரில் முடியை அலசி, சீரம் தடவி, கர்லரால் பெரிய பெரிய சுருளாகச் சுருட்டி, வாசலுக்குக் கூட்டிவந்து பகல் வெளிச்சத்தில் எடுப்பார்கள். சுருட்டுவது சும்மா அழகுக்காக மட்டுமில்லை. நேரான முடியில் ஹைலைட் (அங்கங்கே வெளுத்த கற்றைகள்) கோடு கோடாகத் தெரியும், சுருளில் வெளிச்சம் மேடு பள்ளமாக விழுவதால் நாலு நிறம் எட்டு நிறமாகத் தெரியும். போன் கேமராவும் தன் பங்குக்கு விளையாடும். மஞ்சள் பல்பு வெளிச்சம் ஏறக்குறைய 2700 கெல்வின், வெயில் வெளிச்சம் 5500-க்கு மேல். ஒரே முடி, ஒன்றில் பித்தளையாகவும் ஒன்றில் வெள்ளியாகவும் வரும். எங்கள் கடையில் இரண்டையும் வாசல் ஸ்கிரீனை விலக்கி ஒரே இடத்தில்தான் எடுக்கிறோம். நல்லவள் பட்டம் வாங்க இல்லை, ஆஃப்டரைப் பார்த்துவிட்டு வருகிறவள் வீட்டுக்குப் போய் பாத்ரூம் கண்ணாடியில் பார்த்துவிட்டு அக்காவிடம்தான் சண்டைக்கு வருவாள். மற்றவர்கள் வீடியோவைப் பார்க்கும்போது முடியைப் பார்க்காதீர்கள், சுவரையும் தோலையும் பாருங்கள். முன்னால் மஞ்சளாக இருந்த சுவர் பின்னால் வெள்ளையாகிவிட்டதென்றால் சுவருக்கும் சேர்த்துக் கலர் பண்ணியிருக்கிறார்கள்.

வீடியோவில் வராதது நிறைய. முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும், மூன்று மாதத்தில் வேர்ப்பக்கம் இரண்டு விரல் அகலம் கருப்புத் தெரியும். நீலம், ரோஜா மாதிரி அடர்ந்த நிறங்கள் அலச அலசப் போய்விடும், எங்கள் பக்கத்து உப்பு போர் தண்ணீரில் வெளுத்த முடி இன்னும் சீக்கிரம் மங்கும். கருஞ்சாயங்களில் பிபிடி என்று ஒரு ரசாயனம் இருக்கும், சிலருக்குத் தோல் வீங்கிவிடும், அதனால்தான் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். பதினாறு நொடியில் 48 மணி நேரத்தை எங்கே வைப்பது?

அப்படி வைக்காததன் பலன் எங்களுக்கே வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், எம்.சி. ரோடு முழுக்க ஜவுளிக் கூட்டம், கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி எங்கள் சாம்பல் பழுப்பு வீடியோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவந்து, “அதே மாரி வேணும்கா” என்றாள். ஏதாவது போட்டிருக்கிறாயா என்று அக்கா கேட்டாள், இல்லை என்றாள். மூன்று வருஷமாகப் பாக்கெட் கருப்பு மெஹந்தி போடுவதை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை, மெஹந்தி என்றால் இலைதானே. சில பாக்கெட்டுகளில் உலோக உப்பு இருக்கும், பெராக்சைடு பட்டால் சூடேறும். ஒரு முடிக்கற்றையை வெட்டி டெஸ்ட் பண்ணிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், அன்றைக்கு நேரமில்லை என்று விட்டோம். ஃபாயில் கை வைக்க முடியாமல் சுட்டது. அவசரமாக அலசினால், தலையோட்டுச் சூட்டில் வேர்ப்பக்கம் மட்டும் நல்ல மஞ்சள், நடுவில் துரு, நுனியில் கருப்பு அப்படியே. அவள் அழவில்லை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா காசு வாங்காமல், மேலே அடர்பழுப்பு போட்டு மூடி அனுப்பினாள். நான் எடுத்ததையெல்லாம் அழித்தேன்.

அவளோடு வந்த தோழியும் எடுத்துக்கொண்டிருந்தாள், அது எங்களுக்குத் தெரியாது. ராத்திரி போட்டுவிட்டார்கள். கருப்பு முடி, ஸ்கிரீன்ஷாட், புகை மாதிரி ஆவி வருகிற ஃபாயில், மூன்று நிறத் தலை, அங்கேயே நிறுத்திவிட்டு ‘பார்ட் 2 வேணுமா’ என்று ஒரு வரி. கடைப் பெயரை மட்டும் போடவில்லை, நல்ல பெண்கள். பொங்கலுக்குள் மூன்று லட்சம். எங்கள் பக்கத்தில் மொத்தமாகச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. கமெண்ட் எல்லாம் ‘பார்ட் 2 எங்க’, ‘யார் இந்த பார்லர்’, ‘சரி பண்ணாங்களா’. தை பிறந்து இரண்டாவது வாரம் அந்த ஜவுளிக்கடைப் பெண்ணே வந்து நின்றாள், முடியைக் கொஞ்சம் வெட்டி, இடையில் எண்ணெயும் மாஸ்க்கும் போட்டுத் தேற்றிக்கொண்டு. அக்கா இந்தத் தடவை முதலில் ஒரு கற்றையை வெட்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். நான் போனை வெளியே எடுக்கத் தயங்கி நின்றேன். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “எடுக்கா, மூஞ்சி வந்தாலும் பரவால்ல, அந்த வாசல் வெளிச்சத்துல எடு” என்றாள்.